ஆயம்மாவின் பெருவிரல்

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், கருவாட்டு வாசனை முடிந்து பூ வாசனை தொடங்குகிற இடத்தில் ஆயம்மாவின் சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் மேலே ஒரு தகரம், கீழே ஆறு வாடகை சைக்கிள், நடுவில் ஆயம்மா. அவ்வளவுதான். புருஷன் காத்தவராயன் காய்ச்சலில் போனபோது அந்த ஆறு சைக்கிளையும் ஒரு பம்பையும் விட்டுவிட்டுப் போனான். அதுவரை ஆலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், சங்கு ஊதினால் எழுந்து ஓடுவதை நிறுத்திவிட்டுப் பம்பைப் பிடித்தாள். பொம்பளை காற்றடிப்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வந்ததற்கு ஒரு காற்றாவது அடித்துக்கொண்டு போனார்கள். வியாபாரம் அப்படித்தான் பிடித்தது.

ஆயம்மாவின் வலது கைப் பெருவிரல் அந்த வட்டாரத்தில் பேர் பெற்றது. டயரை ஒரே அழுத்து அழுத்துவாள். "இன்னும் பதினோரு அடி" என்பாள். பதினோரு அடி அடித்ததும் டயர் கருங்கல்லாகிவிடும். பன்னிரண்டாவது அடிக்கு இடமே இருக்காது. டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும், கொஞ்சம் அமுங்கினாலும் அது கடைக்கு அவமானம். இதுதான் அவள் படித்த படிப்பு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. எண் படிப்பாள், எழுத்தை எட்ட நின்று பார்ப்பாள்.

பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்த சமயம். கடைசியாக மூட்டை கட்டிய வீடுகளில் ஒன்றுக்கு, வைத்திக்குப்பத்துக் குஞ்சம்மாள் பத்து வருஷமாக மீன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வெள்ளைக்கார அம்மா, மதாம், புறப்படுகிற அன்று அவளைக் கூப்பிட்டு ஒரு கோணிமூட்டையைக் கையில் கொடுத்துக் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். முத்தத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் குஞ்சம்மாள் வீடு வரைக்கும் கன்னத்தைத் துடைக்காமலே வந்தாளாம். மூட்டையை நேராக ஆயம்மா கடைக்குக் கொண்டு வந்து போட்டாள்.

"யக்கா, இத பிரிச்சிப் பாரு. கனோன்னு சொல்லிச்சி மதாம்."

"கனோன்னா?"

"படகாம்."

பிரித்தால், மழைக்கோட்டுத் துணி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் சுருட்டு. இரண்டு குட்டித் துடுப்பு. மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் ஒரு காகிதம். எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த வடிவேல் கிளாசைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"செத்த எருமத் தோலு மாதிரி இருக்குது. இதுல ஏறிக் கடலுக்குப் போறதா? இதுக்கு நீந்தியே போயிடலாம்."

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது ஆயம்மாவுக்குத் தெரியும். குஞ்சம்மாளின் புருஷன் அம்மாவாசை நல்ல கடலோடி. இரண்டு வருஷம் முன்னால் அலை திருப்பிப் போட்ட கட்டுமரம் முட்டியில் விழுந்து, இடது கால் மடங்காத காலாகிவிட்டது. கட்டுமரத்தில் மண்டி போட முடியாதவனுக்குக் கட்டுமரம் இல்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையில் கிழிசல் தைக்கிறான். அதையும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்கிறான். யாராவது கேட்டால் "வெளிச்சம் இந்தப் பக்கந்தான் நல்லாருக்குது" என்பான். இரண்டு வருஷமாக ஒரே பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

"காலு நீட்டி ஒக்காந்து போலாம்ல, இதுல?" என்றாள் குஞ்சம்மாள். "ஆத்து முகத்துல நண்டு வல போட்டாப் போதும். தண்ணி மேல இருந்தாப் போதும்யக்கா அவருக்கு."

ஆயம்மா ரப்பரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"காத்துதானே? உட்டுட்டுப் போ."

காற்றுதான். ஆனால் அந்தப் படகின் வாய் சைக்கிள் வாயாக இல்லை. சைக்கிள் வால்வு வெண்டைக்காய்க் காம்பு என்றால் இது முருங்கைக்காய். பித்தளை மூடியைத் திருகினால் விரல் போகிற ஓட்டை. பழைய டியூபில் ஒரு சாண் வெட்டி, ஒரு பக்கத்தைப் படகின் வாயிலும் மறு பக்கத்தைப் பம்பின் வாயிலும் ஆலை நூலால் இறுக்கிக் கட்டினாள். அடித்தாள். ஆயிரம் வரை எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டாள். படகு பெருமூச்சு விடுகிற கிழவர் வயிறு மாதிரி கொஞ்சம் எழுந்து மறுபடி படுத்தது. டியூபைக் கழற்றி மூடியைத் திருகுவதற்குள் பாதிக் காற்று அவள் முகத்திலேயே அடித்தது. அடுத்த தரம் பெருவிரலை ஓட்டையில் வைத்து அடைத்துக்கொண்டு மறு கையால் திருகினாள். அந்த விரலுக்குப் புதிதாக ஒரு வேலை.

படகுக்கு மூன்று பை. இடப்பக்கம், வலப்பக்கம், அடி. ஆயம்மா இடப்பக்கத்தை முதலில் முழுசாக முடித்தாள். வேலையை ஒவ்வொன்றாக முடிப்பது அவள் வழக்கம். முடித்துப் பார்த்தால், படகு சீர்வரிசை பிடிக்காத சம்பந்தி மாதிரி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றது. ஒட்டுத் தையல் இழுபட்டு வெளுத்தது.

அப்போதுதான் காகிதத்தை எடுத்தாள். எழுத்து பிரெஞ்சு. ஆனால் எண்ணும் படமும் எந்த நாட்டுக்காரனுக்கும் ஒன்றுதான். படத்தில் மூன்று பைக்கும் கொஞ்சங் கொஞ்சம், மறுபடி மூன்றுக்கும் கொஞ்சங் கொஞ்சம்.

"பந்தியில பரிமார்ற மாதிரி போடணுங்கறான்" என்றாள் ஆயம்மா. "ஒருத்தனுக்கே சோறு சாம்பாரு பாயாசம் எல்லாம் போட்டுட்டு அடுத்த எலைக்குப் போவக்கூடாது." இடப்பக்கத்தைத் திறந்துவிட்டு ஆரம்பத்திலிருந்து அடித்தாள்.

காகிதத்தின் அடியில் இன்னொரு படம் இருந்தது. ஒரு படகு, மேலே கதிரோடு ஒரு சூரியன், சூரியன் மேல் குறுக்கே இரண்டு கோடு. மீன் விற்று முடித்துத் திரும்பி வந்திருந்த குஞ்சம்மாள், வடிவேல், ஆயம்மா மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்.

"வெயில்ல போவாதேங்கறான்" என்றாள் குஞ்சம்மாள்.

"அது அவனுக்கு" என்றான் வடிவேல். "அவன் தோலு பத்து நிமிசத்துல எறாலு கணக்கா செவந்துடும். அந்த வீட்டு மதாம் எத்தினி நாளு கொடய புடிச்சிக்கினு பால்கனில நின்னுது? நம்ம தோலுக்கு என்னா? சூரியனே நம்மளப் பாத்துக் கண்ணு கூசுது."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. வெள்ளைக்காரன் எழுதினால் வெள்ளைத் தோலுக்குத்தானே எழுதுவான்? காகிதத்தை மடித்துச் செருகிவிட்டார்கள். படத்தில் சூரியனுக்குக் கீழே இருந்தது படகு மட்டும்தான். ஆள் ஒருத்தனும் இல்லை. அதை மூன்று பேரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆயம்மா மூன்று பையையும் கல்லாக்கிவிட்டாள். சோப்புத் தண்ணீர் தடவி எங்காவது குமிழ் வருகிறதா என்று காது மூக்கு எல்லாம் வைத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுநாள் முற்பகல் கைவண்டியில் ஏற்றி வைத்திக்குப்பத்துக்குக் கொண்டு போனார்கள். வைகாசி வெயில். அம்மாவாசை வலையைக் கீழே வைத்தான். எழுந்து வரவில்லை. ஆனால் ஊசியும் நகரவில்லை.

"என்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தல குனிஞ்சிக்கினு" என்றாள் ஆயம்மா. "வந்து தொட்டுப் பாரு."

அவன் குச்சியை ஊன்றி வந்தான். கையால் தட்டினான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற மாதிரி காதை வைத்தான். குப்பமே சுற்றி நின்றது. கூட்டத்தில் ஒருத்தன் கட்டுமரத்தைத் தட்டிக் காட்டி, "எங்க மரம் கணக்கா கெட்டியாவா இருக்குது? தொளதொளன்னு கெடக்குது" என்றான்.

ஆயம்மாவின் கடையில் காற்றடித்ததைப் பார்த்துத் தொளதொள என்று ஒரு ஆள் சொல்லிவிட்டான்! பம்பை வண்டியிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு பைக்கும் இன்னும் நாற்பது அடி. படகு மேளமாயிற்று. சுண்டினால் ணங்கென்றது. மணலில் அதை வைத்துவிட்டு, உச்சி சாயட்டும், பிறகு ஆற்றுக்குக் கொண்டு போகலாம் என்று எல்லோரும் கஞ்சி குடிக்கக் கூரைக்குள் போனார்கள். படகு மட்டும் சுடுமணலில், கதிரோடு இருந்த சூரியனுக்குக் கீழே, படத்தில் இருந்த மாதிரியே தனியாக இருந்தது.

முதலில் குப்பத்து நாய்கள் ஓடின. பிறகுதான் சத்தம் கேட்டது என்று குஞ்சம்மாள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெடி வைத்த மாதிரி ஒரே சத்தம். ஓடி வந்து பார்த்தால் வலப்பக்கத் தையல் ஒரு முழத்துக்குப் பிளந்து, படகு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

யாரும் தொடவில்லை. ஒரு முள் இல்லை, ஒரு கிளிஞ்சல் இல்லை.

அம்மாவாசை குச்சியால் பிளவைத் தொட்டுப் பார்த்தான். "பரவால்லக்கா" என்றான். "கரையில இருக்கறது பழகிப்போச்சி." திரும்பிப் போய் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்து ஊசியை எடுத்தான்.

திட்டியிருந்தால் ஆயம்மா தாங்கியிருப்பாள். இந்தப் 'பரவால்ல'வைத்தான் தாங்க முடியவில்லை. வண்டியில் ரப்பரை அள்ளிப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். வடிவேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான். அவன் சும்மா டீ வைத்தது அதுதான் முதல் தடவை. அதைப் பற்றி அவனும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

அவளுக்குத் துக்கத்தை விட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. தொடாமல் எப்படி வெடிக்கும்?

மறுநாள் உச்சி நேரம். தகரத்து நிழல் விலகி வெயில் வாடகை சைக்கிள்கள் மேல் ஏறியது. வைகாசியில் தினமும் செய்கிற மாதிரி ஆயம்மா எழுந்து ஒவ்வொரு சைக்கிளாக வால்வைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை இறக்கினாள். இறக்காவிட்டால் வெயிலில் டியூப் வெடித்துவிடும், நாலு வருஷமாகப் பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது சைக்கிளில் கை நின்றுவிட்டது.

"அடியே ஆயம்மா!" என்று தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டாள். கைக்குத் தெரிந்த விஷயம். காகிதமும் படம் போட்டுச் சொன்ன விஷயம். நடுவில் இருந்த தலைக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்குக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. ஒரு பழைய டியூபில் அரைக்காற்று அடித்து, அதன் இடுப்பை ஆலை நூலால் அளந்து முடிச்சுப் போட்டாள். தகரத்து மேல் வெயிலில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் நூல் எட்டவில்லை. அதே டியூபைக் கொண்டுபோய் வடிவேலின் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

"யக்கா! அது டீத்தண்ணி!"

"கம்முனு இருய்யா. உன் டீ இதுக்கு மேல கெடாது."

தண்ணீரிலிருந்து எடுத்து அளந்தாள். நூலில் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. ஆயம்மா நூலையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்றை யாரும் போடவில்லை, யாரும் எடுக்கவில்லை. வெயில் பட்டால் உப்புகிறது, தண்ணீர் பட்டால் சுருங்குகிறது. இத்தனை நாள் காற்றை விற்றுப் பிழைக்கிறவளுக்குக் காற்றின் குணம் இன்றைக்குத்தான் தெரிகிறது. சாயங்காலம் வரைக்கும் டியூபைத் தகரத்துக்கும் தொட்டிக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். வடிவேலே கடைசியில் ஆர்வம் தாங்காமல் நூலைப் பிடித்தான்.

பிளவை ஒட்டுவது சைக்கிள் பஞ்சர் இல்லை. பஞ்சர் என்றால் அரத்தால் ராவி, சொல்யூஷன் பசை தடவி, ஒட்டை வைத்து, ஒரு பீடி பற்றவைப்பதற்குள் முடித்துவிடலாம். இது ஒரு முழம். பிளந்த இரண்டு உதட்டையும் சேர்த்து, ஆலையில் பழகிய விரலால், மெழுகு தேய்த்த நூலில் நெருக்கித் தைத்தாள். லாரி டியூபில் நீளமாக ஒட்டு வெட்டினாள். மூலை இருந்தால் மூலையிலிருந்துதான் பெயரும் என்று நாலு மூலையையும் வட்டமாக்கினாள். இரண்டு பக்கமும் சொரசொரப்பாக ராவி, ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு, இன்னொரு பூச்சு பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் வைத்து அழுத்தி, மேலே குஞ்சம்மாள் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். மூன்று நாள் தொடவே இல்லை. அந்த மூன்று நாளும் குஞ்சம்மாள் பக்கத்து வீட்டு அம்மியில்தான் மிளகாய் அரைத்தாள்.

நாலாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆற்றங்கரையிலேயே வைத்துக் காற்றடித்தார்கள். கீழே பழைய ஜமுக்காளம் விரித்திருந்தது. மூன்று பைக்கும் பந்தி மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாக. பெருவிரலால் அழுத்தினாள். அமுங்கியது. அவள் கை தானாகப் பம்புக்குப் போயிற்று. சைக்கிளுக்கு அவமானமான அந்த மெத்து இதற்கு எவ்வளவு வேண்டும்? உப்பிய கன்னத்தை அழுத்துவது மாதிரி, நகம் மட்டும் மறைகிற அளவுக்கு என்று வைத்துக்கொண்டாள். பம்பிலிருந்து கையை எடுப்பதுதான் அன்றைக்கு அவள் செய்த கஷ்டமான வேலை.

அம்மாவாசை குச்சியோடு வந்து நின்றான். கூப்பிட்டதற்காக வந்தவன் மாதிரி நின்றான்.

"இடுப்புல என்னாய்யா?"

"சூரிக்கத்தி."

"குடு. அருணாக்கவுத்துல என்னா தொங்குது?"

"தூண்டி முள்ளுக்கா. ரெண்டே ரெண்டு."

"குடு. பையில?"

"நண்டு குத்தற கம்பி…"

"ஏய்யா, படகுல போறியா, படகுமேல படையெடுத்துப் போறியா?"

குஞ்சம்மாள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவாசையும் சிரித்தான். கத்தி, முள், கம்பி எல்லாம் ஒரு மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போயிற்று.

படகைத் தரையில் இழுக்காமல் ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தண்ணீரில் வைத்தார்கள். அவனைக் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் படகின் பக்கம் தளர்ந்து, கன்னம் ஒட்டிய மாதிரி ஆயிற்று.

"யக்கா! ஒழுவுது! ஒட்டு உட்டுடுச்சி!" என்று குஞ்சம்மாள் அலறினாள்.

அம்மாவாசை படகின் பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டான். ஆனால் ஏறியவன் இறங்கவில்லை. ஆயம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒட்டின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரு குமிழ் இல்லை.

"ஒழுவல. குளுருது அதுக்கு" என்றாள். "கரையில வெதுவெதுன்னு இருந்திச்சி. தண்ணி பட்டதும் காத்து ஒடுங்கிடுச்சி. தண்ணியிலயே வச்சி இன்னும் கொஞ்சம் குடுக்கணும்." தண்ணீரில் நின்றபடியே ஒவ்வொரு பைக்கும் இருபது அடி கொடுத்தாள். "கவனமாக் கேளு. திரும்பி வந்து கரையேறுன ஒடனே, மொதல்ல மூடியத் தெறந்து காத்த எறக்கணும். அப்புறந்தான் நண்டு, அப்புறந்தான் பொண்டாட்டி. நெழலு இல்லாத எடத்துல ஒரு நிமிசம் வைக்கக் கூடாது."

"அந்தப் படத்துல போட்டிருந்தது…" என்று இழுத்தாள் குஞ்சம்மாள்.

"நம்ம தோலுக்கு இல்ல. இதோட தோலுக்கு."

அவன் துடுப்பைப் போட்டான். அந்தப் படகைப் பின்னோக்கி உட்கார்ந்துதான் தள்ள வேண்டும். அதனால் அம்மாவாசை அப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனான். கரையில் நின்ற இரண்டு பேருக்கும் அவன் முகம் கடைசி வரைக்கும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கக் குஞ்சம்மாளுக்குக் கண் போதவில்லை. ஆயம்மா சும்மா பம்பைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள்.

ஆற்று முகத்துக்குப் பாதி தூரம் போனதும் அவன் துடுப்பை நிறுத்தினான். குனிந்து படகின் பக்கத்தைத் தன் பெருவிரலால் அழுத்தினான்.

"நகம் மறையுதா?" என்று ஆயம்மா கரையிலிருந்து கத்தினாள்.

"மறையுதுக்கா!"

"அப்ப போ!"

போனான்.